வெட்டும் தையலும்: பிரசவ முறை, பெண்ணின் பிற்காலப் பாலுறவு நலம், டி லீயின் வாதம்

பிரசவ முறைக்கும் பெண்ணின் பிற்காலப் பாலுறவு நலத்துக்கும் உள்ள தொடர்பு பற்றிப் பெங்களூரிலும் தமிழகத்திலும் இரு நம்பிக்கைகள் அருகருகே வாழ்கின்றன. சுகப்பிரசவத்தில் வெட்டித் தையல் போட்டால் உறுப்பு பழைய நிலைக்குத் திரும்பிவிடும் என்பது ஒன்று. சிசேரியன் செய்துகொண்டால் உறுப்புக்குச் சேதமே இல்லை என்பது மற்றொன்று. இவ்விரண்டும் எதிரெதிரானவை போலத் தோன்றினாலும், தலை வெளிவரும் பாதையைக் காப்பதே பெண்ணின் மணவாழ்வைக் காப்பதாகும் என்ற ஒரே கருதுகோளின் மேல் நிற்கின்றன. அக்கருதுகோளுக்கு மிக உறுதியான மருத்துவ வடிவம் தந்தவர் சிகாகோவின் மகப்பேறு மருத்துவர் ஜோசப் டி லீ. அவர் 1920இல் முன்வைத்த வாதம் அதன் காலத்தில் எதற்கு விடையாக எழுந்தது, பின்னர் எவ்வாறு வழக்கமாயிற்று, அதன் சான்று எவ்வளவு தாங்கும் என்பனவே இங்கு ஆராயப்படுகின்றன.

பிறப்புறுப்புக்கும் மலவாய்க்கும் இடைப்பட்ட பெரினியம் என்னும் தசைப்பகுதியைப் பிரசவ வேளையில் வெட்டி வழியை அகலப்படுத்துவது எபிசியோட்டமி எனப்படும். டப்ளின் மருத்துவர் ஃபீல்டிங் ஓல்ட் 1742இலேயே இதை விவரித்துள்ளார். ஆயினும் அவருக்கு இது தலை வெளிவர முடியாமல் தடைப்படும்போது மட்டும் கையாளும் கடைசி உபாயம். டி லீயோ முதல் பிரசவத்தில் இதை முன்கூட்டியே செய்ய வேண்டுமென்றார். தாய்க்கு மயக்கம் தந்து, வெட்டி, ஆயுதம் போட்டுக் குழந்தையை எடுத்து, உடனே தைத்துவிட்டால் இடுப்புத்தளத் தசைகள் தளரா, கருப்பை இறங்காது, உறுப்பு கன்னிநிலைக்கு ஒப்பாக மீளும் என்பது அவர் வாதம். அவருடைய அக்கறை போலியானதன்று. கிழிந்த தசை தைக்கப்படாமலே ஆறி, பின்னாளில் அடியிறக்கத்தாலும் சிறுநீர்க் கசிவாலும் துன்புற்ற பெண்களை அவர் கண்டிருந்தார்; அத்துன்பத்தைப் பெண்ணின் விதியென்று விட்டுவிடாமல் தடுக்கக்கூடிய நோயாகக் கருதியது அவருடைய பெருமை.

அவருடைய பிழை வேறிடத்தில் இருக்கிறது. உறுப்பு மீண்டதா என்பதை அவர் மருத்துவரின் கண்ணாலும் விரலாலும் அளந்தார். அதே பெண்ணுக்கு உடலுறவில் வலி இருக்கிறதா, விருப்பம் மீண்டதா என்ற கேள்விகளுக்கு அவருடைய அளவுகோலில் இடமில்லை. வெட்டப்படாத பெண்களோடு முறையான ஒப்பீடும் அவர் கட்டுரையில் இல்லை. அவர் அதைப் படித்த அவையிலேயே பால்டிமோரின் விட்ரிட்ஜ் வில்லியம்ஸ் இத்தகைய தலையீடுகளில் மிகப் பெரும்பகுதி தேவையற்றவை என்று மறுத்தார். அம்மறுப்பு எடுபடவில்லை. பயிற்சி மிக்க வல்லுநர் கைக்கு மட்டுமே உரியதென டி லீ வரையறுத்த செயல், பிரசவங்கள் வீட்டிலிருந்து மருத்துவமனைக்கு நகர்ந்த பத்தாண்டுகளில் பொதுவழக்காயிற்று. 1860 முதல் 1980 வரை ஆங்கிலத்தில் வந்த மருத்துவ எழுத்தைத் தொகுத்து ஆராய்ந்த தாக்கரும் பான்டாவும், அவ்வழக்குக்கு ஏற்கத்தக்க சான்றே இல்லையென 1983இல் எழுதினர்.

பிரசவம் வீட்டிலிருந்து மருத்துவமனைக்கு நகர்ந்த இம்மாற்றத்துக்குப் பெங்களூரில் ஓர் ஆண்டைச் சுட்டுவது இயலாது. வாணி விலாஸ் பெண்கள் குழந்தைகள் மருத்துவமனை 1935இல் திறக்கப்பட்டது என்றாலும், அதன்பின் பல பத்தாண்டுகள் வரை மைசூர் நாட்டுப்புறத்தில் சூலகித்தி எனப்படும் மருத்துவச்சியே பிரசவம் பார்த்தாள். 15,000க்கும் மேற்பட்ட பிரசவம் பார்த்து, 2018இல் பத்மஸ்ரீ பெற்று, அவ்வாண்டு டிசம்பரில் பெங்களூரில் மறைந்த பாவகடாவின் சூலகித்தி நரசம்மாவின் ஆயுள், இரு முறைகளும் எவ்வளவு காலம் உடனிருந்தன என்பதைக் காட்டும். மருத்துவச்சியின் கைப்பட்ட பிரசவத்தில் வெட்டு இல்லை என்பதால் பின்விளைவும் இல்லையென முடிவுசெய்வது, டி லீயின் பிழையைத் தலைகீழாகச் செய்வதாகும். தைக்கப்படாத கிழிசலைப் பற்றி அவர் கொண்ட அச்சத்துக்கு அங்கும் இடமுண்டு.

டி லீயின் வாதத்தை நேராகச் சோதித்த ஆய்வு இங்கிலாந்தின் ரெடிங் நகரில் நிகழ்ந்தது. ஜெனிஃபர் ஸ்லீப் குழுவினர் 1,000 பெண்களைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து, ஒரு குழுவில் குழந்தைக்கு ஆபத்து தெரிந்தால் மட்டும் வெட்டவும், மற்றதில் கிழிசலைத் தடுப்பதற்காகத் தாராளமாக வெட்டவும் செய்தனர். முதற்குழுவில் 10 விழுக்காட்டினரும் இரண்டாவதில் 51 விழுக்காட்டினரும் வெட்டப்பட்டனர். 1984இல் வந்த முதல் அறிக்கையின்படி, பிரசவமான ஒரு மாதத்துக்குள் உடலுறவுக்குத் திரும்பியோர் குறைவாக வெட்டிய குழுவில் 37 விழுக்காடு, மற்றதில் 27 விழுக்காடு. 1987இல் வந்த மூன்றாண்டுத் தொடர் அறிக்கையிலோ உடலுறவு வலியிலும் சிறுநீர்க் கசிவிலும் இரு குழுக்களுக்கும் வேறுபாடு தென்படவில்லை. இவ்விரு அறிக்கைகளில் முதலாவதே பெரிதும் எடுத்தாளப்படுகிறது. வரலாற்று நோக்கில் இரண்டாவதே கனமானது. வெட்டு நெடுநாள் பாதுகாப்புத் தரும் என்பதுதான் டி லீயின் கூற்று. மூன்றாண்டுக்குப் பின்னும் அப்பாதுகாப்பு வெளிப்படவில்லை என்றால் அக்கூற்று விழுகிறது. ஆனால் வெட்டு நெடுநாள் தீங்கு தரும் என்பதற்கும் அதே அறிக்கை துணைவராது. வழக்கமாக எல்லோருக்கும் வெட்டுவதை உலக சுகாதார நிறுவனம் 2018இல் பரிந்துரைக்க மறுத்தது இவ்வகைச் சான்றுகளின் அடிப்படையில்தான்.

முதல் அறிக்கையின் அளவுகோல் நம் ஊருக்குப் பொருந்துமா என்பது தனிக் கேள்வி. தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு போன பெண், கன்னடியரிடத்தும் தமிழரிடத்தும், மூன்று மாதமோ ஐந்து மாதமோ கழிந்தே கணவன் வீடு திரும்புகிறாள். பச்சை உடம்பென்று பத்தியமும் விலக்கும் அவளைச் சூழ்ந்திருக்கின்றன. அங்கே உடலுறவுக்குத் திரும்பிய நாளைத் தீர்மானிப்பது தையலன்று, ஊர் வழக்கம். ஆகவே எத்தனை நாளில் திரும்பினாள் என்ற எண்ணை இங்கே பிரசவ முறையின் விளைவாக வாசிப்பது தவறு. வலியைப் பற்றிய கேள்வி ஒன்றே ஒப்பிடத்தக்கது. அதிலும் தாய்ப்பாலூட்டலைப் பிரித்துப் பார்க்க வேண்டும். பாலூட்டும் காலத்தில் ஈஸ்ட்ரோஜன் சுரப்புத் தாழ்ந்து யோனி உலர்வதால் எந்த முறையில் பிள்ளை பெற்றவளுக்கும் வலி வரலாம். லண்டனில் முதற்பிள்ளை பெற்ற 484 பெண்களை ஆராய்ந்து பாரெட் குழுவினர் 2000இல் வெளியிட்ட முடிவும் இதுவே: முதல் மூன்று மாதங்களில் வலி யோனிவழிப் பிரசவத்தோடு தொடர்புற்றிருந்தது, ஆறாவது மாதத்தில் அத்தொடர்பு மறைந்து, பாலூட்டலும் கருவுறுமுன் இருந்த வலியுமே எஞ்சின. நெடுங்காலம் பாலூட்டும் நம் பெண்களிடத்தில் பாலூட்டலின் பங்கு இன்னும் பெரிதாக இருக்கக்கூடும்.

கன்னிநிலை மீளும் என்ற வாக்குறுதி எபிசியோட்டமியிலிருந்து சிசேரியனுக்கு இடம்பெயர்ந்ததை நேரடி எழுத்துச் சான்றால் நிறுவ முடியாது. வாதத்தின் அமைப்பு ஒன்றாக இருப்பதே இங்குள்ள சான்று. 2019–21ஆம் ஆண்டுத் தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி கர்நாடகத்தில் 31.5 விழுக்காடும் தமிழ்நாட்டில் 44.9 விழுக்காடும் பிரசவங்கள் சிசேரியன். இவ்வுயர்வுக்குக் காரணங்கள் பல. உறுப்பு கெடாது என்ற நம்பிக்கை அவற்றுள் எவ்வளவு என்று பிரித்துச் சொல்வது எளிதன்று. நம்பிக்கை சரியா என்பதைச் சோதிக்கலாம். பிரிஸ்டல் வட்டாரத்தில் 1990களின் தொடக்கத்தில் பிள்ளை பெற்ற பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட பெண்களின் பதிவை ஆராய்ந்த ஆய்வு 2022இல் வந்தது. உடலுறவின் இன்பத்திலும் எண்ணிக்கையிலும் சிசேரியன் செய்தோர்க்கும் யோனிவழி பெற்றோர்க்கும் வேறுபாடு இல்லை. பிரசவமான 11ஆம் ஆண்டில் உடலுறவின்போது யோனி வலி கண்டோர் சிசேரியன் செய்தோரிடையே கூடுதலாக இருந்தனர். பாதையைக் காத்தால் மணவாழ்வு காக்கப்படும் என்ற டி லீ மரபுக்கு இது நேர் எதிர். எனினும் சிசேரியனே வலிக்குக் காரணமென்று இதைக் கொண்டு உறுதிசெய்வது அவசரம். ஏற்கெனவே வலி உடைய பெண்கள் சிசேரியன் பக்கம் அதிகம் சேர்ந்திருக்கலாம். பாரெட் கண்ட முன்வலியின் வலிமை அந்த ஐயத்தைத் தாங்கி நிற்கிறது.

மைசூர் சமஸ்தானம் 1930இலேயே அரசு மருத்துவமனைகளில் கருத்தடை மையங்கள் திறக்க ஆணையிட்டு, தம்பதியரின் உறவைப் பொதுநல மருத்துவத்துக்குள் கொண்டுவந்தது. ஆனால் அது பிள்ளைகளின் எண்ணிக்கை என்ற வாசல் வழியாகவே வந்தது. அவ்வாசலின் சுவடு இன்றும் தெரிகிறது. கர்நாடக அரசின் தாய் அட்டையில் பிரசவ முறையும் குழந்தையின் எடையும் தாயின் ஹீமோகுளோபின் அளவும் பதிவாகின்றன. ஆறாவது வாரப் பரிசோதனையில் கருத்தடை பேசப்படுகிறது. உடலுறவு வலிக்குக் கட்டமில்லை. பாரெட்டின் லண்டன் ஆய்விலேயே சிக்கல் கண்ட பெண்களுள் 15 விழுக்காட்டினர் மட்டுமே அதை மருத்துவப் பணியாளரிடம் பேசினர் என்றால், கேட்கப்படாத பெண் தானே சொல்வாள் என்று எதிர்பார்ப்பதற்கில்லை. கருவுற்ற முதல் வருகையிலும் பிரசவமான ஓராண்டிலும் அவ்வட்டையில் உடலுறவு வலி பற்றி ஒரே கேள்வி கேட்கப்பட்டால், முன்வலியையும் பின்வலியையும் பிரித்தறிந்து, பிரிஸ்டல் ஆய்வு விட்டுச்சென்ற ஐயத்தை வாணி விலாஸின் பிரசவப் பதிவுகளைக் கொண்டே தீர்க்க இயலும்.