அறைக்குள் வந்த தியேட்டர்



வீட்டில் ஒரு அறையை ஹோம் தியேட்டராக்க நானே வயர் இழுக்கிறேன். பின்சுவரில் துளை போடும்போது மகன் கேட்டான்: "வாப்பா, சத்தம் ஏன் பின்னாலயும் வரணும்?"

1940இல் வால்ட் டிஸ்னியின் 'ஃபேன்டேசியா' படத்துக்கு அரங்கைச் சுற்றி ஒலிபெருக்கிகள் வைத்தார்கள். செலவு தாங்காமல் சில அரங்குகளோடு நின்றது. 1970களில் டொல்பி நிறுவனம் நான்கு ஒலித்தடங்களை இரண்டுக்குள் அடக்கியது. ஸ்டீரியோ வீடியோ கெசட்டிலும் இரண்டு தடங்கள் இருந்ததால் 1982இல் அந்த ஒலி வீட்டுக்கு வந்தது.

அதே 1982 பெப்ரவரியில்தான் நமது நாட்டில் ரூபவாஹினி தொடங்கியது. கரண்ட் இல்லாத ஊர்களில் கார் பெட்டரியில் டீவி ஓடியது. ஒரு பெட்டிக்கு முன்னால் அயலெல்லாம் பாய் விரித்து இருந்தது.

ஸ்பீக்கர் வயர் மட்டும் என் வேலை. 230 வோல்ட் பிளக் பொயின்டை எலக்ட்ரீஷியனிடம் விட்டேன். இரண்டு வயரையும் ஒரே குழாயில் போடவில்லை. இரைச்சல் வரும், ஆபத்தும் கூட. பிள்ளைகள் இருக்கும் வீடு, தயவுசெய்து நீங்களும் கவனியுங்கள்.

கதவை மூடினால் சத்தம் வெளியே போகாது. பக்கத்து வீட்டுப் பிள்ளைகளும் உள்ளே வரமாட்டார்கள். அதனால் நாற்காலிக்குப் பதிலாக இரண்டு பாய் வாங்கியிருக்கிறேன்.