லண்டன் மாநகரின் ஏழைக் குடியிருப்புகளும் ஸ்தல ஸ்தாபனங்களின் மேற்பார்வையும்

ஏழைத் தொழிலாளருக்குத் தக்க வாடகையில் வீடமைத்துத் தருவது ஸ்தல ஸ்தாபனங்களின் கடமைகளுள் ஒன்று என்னும் கொள்கை இன்று பல தேசங்களிலும் ஒப்புக்கொள்ளப்பட்டதேயாயினும், அது படிப்படியாகச் சட்டவடிவம் பெற்ற லண்டன் மாநகரின் சரித்திரத்தை ஆராய்வோமாயின், வீடு கட்டும் பொறுப்பும், அதற்குப் பணம் தரும் பொறுப்பும், அதனைக் கண்காணிக்கும் பொறுப்பும் வெவ்வேறு கைகளில் சிதறிக் கிடந்த காலமே மிகுதி என்பது புலனாகும்.

உள்துறை அமைச்சர் ரிச்சர்டு கிராஸ் 1875-இல் நிறைவேற்றிய சட்டம், சேரிகளை இடித்து நிலத்தைச் சீர்செய்யும் அதிகாரத்தை மாநகரப் பணிகள் வாரியத்துக்கு அளித்தது. ஆனால் அங்கே வீடு கட்டி நிர்வகிக்கும் பொறுப்பினின்று அவ்வாரியத்தைப் பெரும்பாலும் விலக்கியே வைத்தது. வாரியமோ நிலத்தைப் பீபாடி டிரஸ்ட் போன்ற தர்ம ஸ்தாபனங்களுக்கு நஷ்டத்துக்கு விற்றது. இடிப்புக்கும் புதுக்கட்டடத்துக்கும் இடையே கழிந்த ஆண்டுகளில், வெளியேற்றப்பட்ட குடும்பங்கள் அடுத்த தெருக்களில் அடைந்து, அங்கும் நெருக்கடியைப் பெருக்கின. சர் சார்லஸ் டில்க் தலைமையில் 1884-இல் அமைந்த ராஜாங்க விசாரணைக் குழு இதனினும் பெரியதொரு கேட்டை வெளிப்படுத்திற்று. சுகாதாரச் சட்டங்கள் ஏட்டில் இருந்தன. அவற்றை நடத்தவேண்டிய வட்டாரச் சபைகள் உறங்கின. கிளார்க்கன்வெல் வட்டாரத்தின் சபையில், சேரி வீடுகளை மொத்தமாகக் குத்தகைக்கு எடுத்து அறை அறையாக உள்வாடகைக்கு விட்டுப் பணம் திரட்டியவர்களே செல்வாக்குடன் அமர்ந்திருந்தனர். வேலியே பயிரை மேய்ந்த இடத்தில் மேற்பார்வை நடவாததில் வியப்பில்லை.

1889-இல் தோன்றிய லண்டன் கவுண்டி கவுன்சிலும், 1890-ஆம் ஆண்டின் தொழிலாளர் வீட்டுவசதிச் சட்டமும் இந்நிலையை மாற்றின. பெத்னல் கிரீன் பகுதியில் ஆயிரத்துக்குச் சுமார் 40 என்ற மரண விகிதத்துடன் விளங்கிய ஓல்டு நிக்கல் என்னும் சேரியைக் கவுன்சில் அகற்றி, தன் சொந்தக் கட்டடச் சிற்பிகளைக் கொண்டு பவுண்டரி எஸ்டேட் என்னும் குடியிருப்பை எழுப்பியது. இடிந்த வீடுகளின் கற்குவியலே நடுவில் மேடாக அமைக்கப்பட்டு, அதைச் சுற்றி அகன்ற வீதிகள் கதிர்போல் விரிந்தன. 1900-ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் வேல்ஸ் இளவரசர் அதனைத் திறந்து வைத்தார். எனினும், வாடகையைக் கொண்டே செலவை ஈடுகட்டவேண்டும் என்ற நிபந்தனை இருந்தமையால், வெளியேற்றப்பட்ட ஐயாயிரத்துக்கு மேற்பட்டோருள் புதிய இல்லங்களுக்குத் திரும்பியவர் விரல்விட்டு எண்ணத்தக்கவரே. நிரந்தர வருவாயுள்ள கைவினைஞரும் குமாஸ்தாக்களும் அங்கே குடியேறினர். கட்டடத்தின் தரத்தையும் கணக்கின் நேர்மையையும் கவுன்சில் நன்கு கண்காணித்தது. யாருக்காகக் கட்டினோம் என்பதைக் கண்காணிக்கவில்லை.

வாடகையால் மட்டும் ஏழைக்கு வீடு அமையாது என்னும் உண்மையை முதல் உலக யுத்தம் உணர்த்திற்று. கிறிஸ்டோபர் அடிசன் கொணர்ந்த 1919-ஆம் ஆண்டுச் சட்டம், ஒவ்வொரு ஸ்தல ஸ்தாபனமும் தன் எல்லையின் வீட்டுத் தேவையைக் கணக்கெடுத்துத் திட்டம் சமர்ப்பிக்க வேண்டுமெனக் கட்டளையிட்டு, பவுனுக்கு ஒரு பென்னி வரிக்கு மேற்பட்ட நஷ்டத்தை அரசாங்கப் பொக்கிஷமே ஏற்கும் என உறுதி கூறியது. இம்மானியத்தின் துணைகொண்டு கவுன்சில் தன் எல்லைக்கு வெளியே, எஸ்ஸெக்ஸ் ஜில்லாவில், பெகன்ட்ரீ என்னுமிடத்தில் 1921 முதல் சுமார் 25,000 வீடுகளைக் கட்டலாயிற்று. வீட்டுக்கு உரிமையாளர் லண்டன் கவுன்சில். பள்ளிக்கூடத்துக்குப் பொறுப்பாளர் எஸ்ஸெக்ஸ் கவுன்சில். சாக்கடையும் குப்பையும் பார்க்கிங், டாகன்ஹாம், இல்ஃபோர்டு என்னும் மூன்று வட்டார ஸ்தாபனங்களைச் சேர்ந்தவை. குடும்பங்கள் வந்து சேர்ந்த பின்னரும் பள்ளிகள் வந்து சேரவில்லை. திட்டமும் மேற்பார்வையும் ஓரிடத்தில் கூடாவிடின், எத்தனை வீடு கட்டினும் அவை ஊராகா என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

1965-இல் கவுன்சில் மறைந்து பெருலண்டன் கவுன்சில் தோன்றியது. 1980-ஆம் ஆண்டுச் சட்டம் குடியிருப்போருக்குத் தம் வீட்டை விலைக்கு வாங்கும் உரிமையளிக்க, பொதுவீடுகள் குறைந்தன. 1986-இல் பெருலண்டன் கவுன்சிலும் கலைக்கப்பட்டது. நிர்வாகம் பல கைகளுக்கு மாறியதன் ஆபத்தை, 2017-இல் கென்சிங்டன் பகுதியின் கிரென்ஃபெல் கோபுரத்தில் 72 உயிர்களைக் குடித்த தீ கண்கூடாகக் காட்டியது. அக்கட்டடம் ஸ்தல ஸ்தாபனத்தின் உடைமை. நிர்வாகமோ வேறோர் அமைப்பின் வசம். தீயின் அபாயத்தைக் குறித்து அங்குக் குடியிருந்தோர் முன்னமே எச்சரித்திருந்தும், அக்குரல் செவிமடுக்கப்படவில்லை. அதன் பின்னரே, 2023-ஆம் ஆண்டின் சட்டம், வீட்டு உரிமை ஸ்தாபனங்களை நேரிற் சென்று பரிசோதிப்பதில் பொதுவீடுகளின் கண்காணிப்பாளருக்குள்ள அதிகாரத்தை வலுப்படுத்தியது.

இச்சரித்திரத்தால் நாம் துணியத்தக்கது ஒன்றே. வீட்டுத் திட்டத்தின் மேற்பார்வை செங்கல்லையும் செலவுக் கணக்கையும் ஆராய்வதோடு அமையாது, அங்குக் குடிவந்தவரும் அங்கிருந்து வெளியேற்றப்பட்டவரும் யாவர் என்பதையும் ஆராயும்போதே, அத்திட்டம் ஏழையின் பெயரால் நடப்பதாகிய நிலை நீங்கி ஏழைக்காக நடப்பதாகும்.