மெட்டல் இசையில் பேஸ் கிட்டாரின் கனத்த ஒலி

மெட்டல் இசைக்குழுவில் டிரம்ஸையும் மின்கிட்டாரையும் ஒன்றாகக் கட்டி, மொத்த ஒலிக்கும் எடை சேர்ப்பது பேஸ் கிட்டார். அதன் நான்கு தந்திகளும் சாதாரண கிட்டாரின் கீழ்த்தந்திகள் நான்கைவிட ஒரு ஸ்தாயி தாழ்வாக ஒலிப்பவை. தடித்த ஈ தந்தி நொடிக்கு 41.2 முறை அதிர்கிறது. கிட்டாரின் கீழ் ஈ தந்திக்கு அது 82.4. இந்தத் தாழ்ந்த ஒலி இரண்டு கிட்டார்களின் இரைச்சலுக்கும் இரட்டைக் கிக் டிரம்முக்கும் நடுவே காதில் விழவேண்டும், நெஞ்சிலும் இடிக்கவேண்டும். இரண்டும் ஒருசேர நடந்தால்தான் அது கனத்த ஒலி.

ஒலியியல்

ஆம்ப்ளிஃபயரில் பேஸ் திருகை முழுதும் ஏற்றினால் ஒலி கனத்துவிடும் என்ற நம்பிக்கை பரவலாக உண்டு. அது தவறு. 40 ஹெர்ட்ஸ் அளவிலான ஒலியை மனிதக் காது மிக மந்தமாகவே உணர்கிறது. சிறிய ஒலிபெருக்கிகள் அதை எழுப்புவதே இல்லை. அடிப்படை அதிர்வின் மடங்குகளான 82, 124, 165, 206 ஹெர்ட்ஸ் மேற்சுரங்கள் தெளிவாகக் கேட்டால், கேளாத அடிச்சுரத்தையும் மூளை தானே நிரப்பிக்கொள்கிறது. டிஸ்டார்ஷன் செய்யும் வேலை இதுதான்: அலையின் உச்சிகளை நறுக்கி மேற்சுரங்களைப் பெருக்குகிறது. தந்தி உலோகக் கட்டையில் மோதி எழுப்பும் கணகணப்பும் அதே பணியைச் செய்கிறது. தம்புராவில் தந்திக்கும் குதிரைக்கும் இடையே செருகும் ஜீவாளி நூலும் இவ்வகையே. நூல் சரியாக அமைந்ததும் மந்தரத் தந்தி விரிந்து பாடும். தம்புரா, வீணை ஆகியவற்றின் இந்த மேற்சுரச் செழுமையை 1920களின் தொடக்கத்திலேயே சர் சி. வி. ராமன் ஆராய்ந்து எழுதியிருக்கிறார்.

வரலாறு

லியோ ஃபென்டர் 1951இல் விற்பனைக்குக் கொண்டுவந்த பிரசிஷன் பேஸ்தான் பரவலாகப் புழங்கிய முதல் மின் பேஸ் கிட்டார். 34 அங்குலத் தந்தி நீளம் என்ற அளவு இன்றுவரை பெரும்பாலும் மாறவில்லை. அடுத்த பதினைந்து ஆண்டுகள் அது பின்னணியில் அடங்கிய, பஞ்சு வைத்து அமுக்கிய ஒலியாகவே இருந்தது. ஆம்பெக் நிறுவனம் 1969இல் வெளியிட்ட எஸ்.வி.டி. ஆம்ப்ளிஃபயர் 300 வாட் வால்வுத் திறனையும், பத்து அங்குல ஒலிபெருக்கிகள் எட்டு கொண்ட பெரிய பெட்டியையும் மேடைக்குக் கொண்டுவந்தது. கனத்த ஒலிக்கு வேண்டிய கருவி அப்போதுதான் வாய்த்தது.

இந்தக் கனத்த ஒலி பிறந்த ஊர் இங்கிலாந்தின் பர்மிங்காம். அந்நகரின் ஆஸ்டன் பகுதியில் 1968இல் உருவான பிளாக் சபாத் குழுவின் கீசர் பட்லர் இவ்வகை வாசிப்பின் முதல்வர். கிட்டார் வாசித்துக்கொண்டிருந்து பேஸுக்கு மாறியவர் அவர். கிட்டார்க்காரரின் கையோடே வந்தார். குழுவின் கிட்டார்க்காரர் டோனி அயோமி திரும்பத் திரும்ப வாசிக்கும் ரிஃப்பைப் பட்லர் ஒரு ஸ்தாயி கீழே அப்படியே பின்தொடர்வார். நடுநடுவே தந்தியை இழுத்து வளைப்பார். இரண்டு கருவிகள் ஒரே பெரிய கருவியாகிவிடும்.

அயோமியின் கதை இதனோடு பிணைந்தது. 1965இல், பதினேழு வயதில், தகட்டு ஆலையில் வேலை செய்தபோது எந்திரம் அவரது வலக்கையின் இரு விரல் நுனிகளைத் துண்டித்தது. இடக்கைப் பழக்கமுள்ள அவருக்குத் தந்தியை அழுத்தும் கை அதுதான். பிளாஸ்டிக் மூடியை உருக்கி விரலுறை செய்து மாட்டிக்கொண்டார்; மெல்லிய தந்திகளுக்கு மாறினார்; பின்னர் சுருதியையும் தளர்த்தினார். 1971இல் வந்த ‘மாஸ்டர் ஆஃப் ரியாலிட்டி’ தொகுப்பின் பல பாடல்களில் சுருதி மூன்று அரைச்சுரம் இறங்கியிருக்கிறது. பேஸின் ஈ தந்தி இதனால் 41.2 ஹெர்ட்ஸிலிருந்து 34.6க்கு வந்தது. தளர்ந்த தந்தி கட்டைகளில் அடித்துக் கணகணத்தது. மெட்டலின் தாழ்சுருதி மரபு பெரும்பாலும் இந்தத் தொழிற்சாலை விபத்திலிருந்து கிளைத்தது.

வடசென்னை வாசகருக்குப் பர்மிங்காம் அந்நியமானதன்று. காத்திவாக்கம் நெடுஞ்சாலையில் இன்று அசோக் லேலண்ட் நிற்கும் எண்ணூர் ஆலை, அசோக் மோட்டார்ஸ் என்ற பெயரில் 1948இல் தொடங்கிய நிறுவனத்துடையது. அங்கே முதலில் பூட்டப்பட்ட ஆஸ்டின் ஏ40 கார்கள் பர்மிங்காமின் லாங்பிரிட்ஜ் ஆலையிலிருந்து வந்தவை. திருவொற்றியூரில் என்ஃபீல்டு மோட்டார்சைக்கிள் தயாரிப்புக்கு 1955இல் வித்திட்ட தாய் நிறுவனம் இயங்கிய ரெடிச் நகரமும் பர்மிங்காமுக்குப் பக்கத்தில்தான். இரும்புப் பட்டறையும் வார்ப்படச் சாலையும் இரவு பகலாக இரையும் தெருவில் வளர்ந்த பிள்ளைகளின் இசைதான் மெட்டல். ஆலைச் சத்தம் இரு கரைகளிலும் ஒன்றே என்றாலும், எண்ணூரில் அது கானாவுக்கும் சட்டி மேளத்துக்கும்தான் துணை நின்றது.

பட்லருக்குப் பின் மரபு மூன்றாகப் பிரிந்தது. முதலாவது லெம்மி வழி. 1975இல் மோட்டர்ஹெட் குழுவைத் தொடங்கிய லெம்மி, ரிக்கன்பேக்கர் பேஸை மார்ஷல் ஆம்ப்ளிஃபயரில் செருகி, மேலையும் கீழையும் குறைத்து நடு அலைவெண்களை முழுதும் ஏற்றி, பிக் எனும் சிறு வில்லையால் கிட்டார் போலக் கார்டுகளை வாசித்தார். இரண்டாவது ஸ்டீவ் ஹாரிஸ் வழி. அயர்ன் மெய்டனின் இந்த நிறுவனர் பிரசிஷன் பேஸில் தட்டைச் சுற்றுத் தந்தி பூட்டி, பெடல் எதுவுமின்றி, இரு விரல்களின் வலிமையாலேயே குதிரைப் பாய்ச்சல் தாளத்தை எழுப்புபவர். 2007 மார்ச் 17 அன்று பெங்களூர் அரண்மனை மைதானத்தில் அதை நேரில் கேட்கத் தமிழ்நாட்டிலிருந்தும் ரசிகர்கள் போனார்கள். மூன்றாவது கிளிஃப் பர்ட்டன் வழி. மெட்டாலிகாவின் 1983 முதல் தொகுப்பிலேயே, டிஸ்டார்ஷனும் வா பெடலும் போட்டு, பேஸுக்கென்று ஒரு முழுத் தனியாவர்த்தனமே வாசித்தவர். 1986 செப்டம்பர் 27 அன்று சுவீடனில் பேருந்து விபத்தில் இறந்தார். இம்மூன்றில் விரல் வாசிப்பே மூலவழி. பிக் வேகத்துக்கு உதவும், சதைப்பற்றைத் தராது. அதே மெட்டாலிகா 1988இல் வெளியிட்ட தொகுப்பில் புதிய பேஸ் கலைஞர் ஜேசன் நியூஸ்டெட்டின் வாசிப்பு ஏறக்குறைய கேட்காதபடி கலவையில் அமுக்கப்பட்டது. இந்த இசைவகைக்கு நேர்ந்த பெரிய அநீதிகளில் இது ஒன்று.

ஒலியமைப்பு முறை

இன்றைய வழக்கம் பேஸின் சமிக்ஞையை இரண்டாகப் பிரிப்பது. கீழ்ப்பகுதி சுத்தமாக, அழுத்தச் சமன் செய்து செல்லும். மேற்பகுதி மட்டும் டிஸ்டார்ஷன் வழியே சென்று மீண்டும் கலக்கும். முழுச் சமிக்ஞையையும் டிஸ்டார்ஷனில் தள்ளினால் அடித்தளம் கரைந்து ஈக்கூட்டம் போல இரையும். கிட்டார்களின் கீழ் அலைவெண்களைக் கொஞ்சம் வெட்டி பேஸுக்கு இடம்விடுவதும் அவசியம். கிட்டார்க்காரர்கள் இதற்கு லேசில் இணங்குவதில்லை. ஐந்து தந்தி பேஸுக்கு இந்த இடம் இன்னும் கீழே வேண்டும்; அதன் பி தந்தி 30.9 ஹெர்ட்ஸ். இவ்வகை ஒலிக்கு ஹெல்சிங்கியின் டார்க்கிளாஸ் நிறுவனப் பெடல்கள் இப்போது பரவலாகப் பயன்படுகின்றன.

வடசென்னை வீட்டு அறையில் ஒத்திகை செய்பவருக்கு இரண்டு தடைகள். பத்தடி அகலக் கான்கிரீட் அறையின் எதிரெதிர்ச் சுவர்களுக்கிடையே ஏறத்தாழ 56 ஹெர்ட்ஸில் நிலையலை எழும். பேஸின் ஏ தந்தியோ 55 ஹெர்ட்ஸ். ஆகவே ஏ சுரம் சுவரோரம் நிற்பவருக்கு முழங்கும், அறை நடுவில் நிற்பவருக்கு மெலிந்து போகும்; ஈ சுரத்துக்கு இந்த நிலையலை துணை நிற்காது. ஆம்ப்பை மூலையிலிருந்து நகர்த்தி, 55 ஹெர்ட்ஸ் பக்கம் சற்றுக் குறைத்தால் பாதிச் சிக்கல் தீரும். மற்றொன்று கடற்காற்று. காத்திவாக்கம் போன்ற கரையோரத்தில் உப்பு ஈரம் தந்தியை விரைவில் மழுக்கிவிடும். மழுங்கிய தந்தியில் மேற்சுரம் இல்லை. வாசித்து முடித்ததும் துணியால் துடைத்து உறையில் வைப்பது எந்த பெடலையும்விடப் பயன் தரும்.

தமிழர் பங்களிப்பு

இத்துறையில் தமிழர் பெயர் சொல்ல முதலில் நிற்பது சிங்கப்பூரின் ருத்ரா. 1992இல் தொடங்கி, இடையில் கலைந்து மீண்டும் கூடிய இக்குழுவில் பேஸும் குரலும் கதிர் ஒருவருடையவை. பேஸும் குரலுமாக நின்ற வெனம் குழுவின் குரோனோஸ், ஸ்லேயர் குழுவின் டாம் அராயா வரிசையில் வருபவர் அவர். பாடிக்கொண்டே வாசிக்கும் குழுவில் பேஸின் தாளமும் சொல்லின் தாளமும் ஒரே உடலிலிருந்து பிறக்கின்றன. உறுமும் குரலுக்கு அடியில் பேஸ் விலகாமல் ஒட்டியிருப்பதற்கு அதுவே காரணம். டெத் மெட்டல் அடித்தளத்தில் வடமொழி மந்திரங்களையும் அத்வைதச் சிந்தனையையும் வைத்துத் தம் இசையை வேத மெட்டல் என்று அழைத்துக்கொண்டார்கள். 1998இல் முதல் தொகுப்பும், 2003இல் ‘குருக்ஷேத்ரா’வும், 2005 முதல் 2011 வரை ‘பிரம்மவித்யா’ முத்தொகுதியும் வந்தன. ‘எயிட் மகாவித்யாஸ்’ 2022இல் வெளியானது; அதிலும் பேஸும் குரலும் கதிரே.

சென்னையில் ப்ளட் கவெனன்ட் முதலிய குழுக்கள் இயங்கியுள்ளன. 2018 ஜனவரியில் மேடையேறிய தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ் இசைக்குழு, மெட்டல் வகையைச் சேராதது என்றாலும், வடசென்னைக் கானாவையும் மின்பேஸையும் ஒரே மேடையில் சேர்த்தது.