நகரக் குப்பை உரம்: வயலில் இடும் முன் கவனிக்க வேண்டியவை

நகராட்சி, பேரூராட்சி உர மையங்களில் கிடைக்கும் குப்பை உரத்தை வயலுக்கு இடலாமா என்று விவசாயிகள் பலர் கேட்கிறார்கள். நன்கு பிரித்த குப்பையிலிருந்து, முழுமையாக மக்கிய உரமாக இருந்தால் தாராளமாக இடலாம்.

குப்பை உரமாகும் விதம்

2016-ஆம் ஆண்டு திடக்கழிவு மேலாண்மை விதிகள், வீடுகளிலேயே மக்கும் குப்பை, மக்காத குப்பை, தீங்கு தரும் குப்பை என மூன்றாகப் பிரித்துக் கொடுக்க வேண்டும் என்று கூறின. மக்காத குப்பையில் அட்டை, இரும்பு, பாட்டில் போன்றவை பழைய பொருள் வியாபாரிகளுக்கு விற்கப்படுகின்றன. மறுசுழற்சிக்கு உதவாத பிளாஸ்டிக், சிமெண்ட் ஆலைகளுக்கு எரிபொருளாகவும் அனுப்பப்படுகிறது. காய்கறி, உணவுக் கழிவுகள் உர மையத்துக்கு வருகின்றன.

அங்கு கழிவைத் துண்டாக்கித் தொட்டியில் நிரப்பி, சாணக் கரைசல் அல்லது நுண்ணுயிர்க் கரைசல் தெளித்து, அவ்வப்போது கிளறி மக்க வைக்கிறார்கள். நன்கு மக்கும் குவியலின் உட்புற வெப்பம் 55 டிகிரி செல்சியசுக்கு மேல் செல்லும். களை விதைகளும் நோய்க்கிருமிகளும் பெரும்பாலும் இதில் அழிந்துவிடும். பின்னர் உலர்த்திச் சலிக்கிறார்கள்.

என்ன ஆபத்து?

பிரிக்காத குப்பையை மக்கவைத்தால் கண்ணாடித் துண்டும் பிளாஸ்டிக் துணுக்கும் உரத்தோடு வயலுக்கு வந்துவிடும். பேட்டரி, டியூப் லைட் ஆகியவற்றிலிருந்து காரீயம், காட்மியம், பாதரசம் கலக்கலாம். இவை மக்குவதில்லை. மண்ணில் சேர்ந்த பிறகு பிரித்தெடுக்கவும் வழியில்லை.

தர அளவுகள்

உரக் கட்டுப்பாட்டு ஆணைப்படி நகரக் கம்போஸ்டில் அங்ககக் கரிமம் குறைந்தது 12 சதவீதம், தழைச்சத்து 0.8, மணிச்சத்து 0.4, சாம்பல் சத்து 0.4 சதவீதம் இருக்க வேண்டும். கரிம-தழைச்சத்து விகிதம் 20-க்குக் கீழும், உப்பின் அளவைக் காட்டும் மின்கடத்தும் திறன் 4-க்கு மிகாமலும் இருக்க வேண்டும். காரீயம் கிலோவுக்கு 100 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. மையத்தில் ஆய்வறிக்கையைக் கேட்டுப் பாருங்கள்.

நீங்களே செய்யும் சோதனைகள்

• ஒரு கிலோ உரத்தைத் தாளில் பரப்பி, கண்ணாடி, பிளாஸ்டிக் இருக்கிறதா எனப் பாருங்கள்.

• ஒரு பிடி உரத்தை ஈரமாக்கி, பாலிதீன் பையில் கட்டி ஒரு வாரம் வையுங்கள். திறக்கும்போது துர்நாற்றம் வீசினால் உரம் முழுமையாக மக்கவில்லை. அதை இட்டால் நுண்ணுயிர்கள் மண்ணிலுள்ள தழைச்சத்தை எடுத்துக்கொள்ளும், இளம்பயிர் வெளுக்கும்.

• பாதி உரம், பாதி மண் கலந்த தொட்டியிலும், வெறும் மண் தொட்டியிலும் 20 பாசிப்பயறு விதைகள் வீதம் ஊன்றுங்கள். உரத் தொட்டியில் முளைப்பு குறைந்தால் அந்த உரத்தைத் தவிருங்கள்.

எப்படி இடுவது?

ஏக்கருக்கு 2 டன் வீதம் கடைசி உழவுக்கு முன் சீராகத் தூவி மண்ணில் கலக்கவும். இதில் சுமார் 16 கிலோ தழைச்சத்து மட்டுமே உண்டு. 45 கிலோ யூரியா மூட்டை தருவது சுமார் 21 கிலோ. கம்போஸ்டில் உள்ளது மெதுவாகவே பயிருக்குக் கிடைக்கும். எனவே ரசாயன உரத்தை ஒரேயடியாக நிறுத்த வேண்டாம். மண் பரிசோதனைப் பரிந்துரைப்படி படிப்படியாகக் குறையுங்கள். உவர் நிலத்தில், உப்பு அளவு தெரியாத உரத்தை இடவே கூடாது.

கூடுதல் ஆலோசனைக்கு அருகிலுள்ள வேளாண் அறிவியல் நிலையத்தை அணுகலாம்.