அச்சுக்கு முன் ஒரு பார்வை



2003ஆம் ஆண்டு. பயிற்சிக் கல்லூரியை விட்டு வந்த புதிது. அரையாண்டுத் தேர்வுக்கான தமிழ்த்தாளை வீட்டுக் கணினியில் தட்டெழுதி, நெகிழ்வட்டில் ஏற்றிப் பள்ளிக்குக் கொண்டு சென்றேன். அலுவலகக் கணினியில் முன்னோட்டம் பாராமலேயே அச்சிட்டுப் படியெடுத்தேன். அந்தக் கணினியில் என் தமிழ் எழுத்துரு இல்லை. தமிழுக்குப் பதிலாகப் பொருளற்ற குறிகளே தாள் முழுதும் நிறைந்திருந்தன. தேர்வறையில்தான் அதனைக் கண்டேன். வினாக்களைக் கரும்பலகையில் எழுதி முடிக்கவே நேரம் கரைந்தது. மெதுவாக எழுதும் மாணவி ஒருத்தி கட்டுரையைப் பாதியில் நிறுத்த நேர்ந்தது. அவள் முகம் இன்றும் என் நினைவில் உள்ளது.

இச்சிக்கலுக்கு ஒரு வரலாறு உண்டு என்பதைப் பின்னரே அறிந்தேன்.

அமெரிக்கப் பேராசிரியர் டொனால்ட் குனுத், 1977இல் தம் கணினியியல் நூலின் இரண்டாம் தொகுதி மறுபதிப்புக்கான மெய்ப்பைக் கண்டு மனம் வருந்தினார். ஈய எழுத்துகளால் கோக்கப்பட்ட பழைய பதிப்பின் அழகு, ஒளி அச்சுக்கோப்பில் இல்லை. ஆகவே, ‘டெக்’ என்னும் அச்சுக்கோப்பு மென்பொருளைத் தாமே படைக்கத் தொடங்கினார்.

1979இல் டேவிட் ஃபூக்ஸ் அதற்கென ‘டிவிஐ’ என்னும் கோப்பு வடிவத்தை அமைத்தார். எந்த அச்சுப்பொறியையும் சாராதது என்பதே அப்பெயரின் பொருள். எந்த எழுத்து, பக்கத்தில் எந்த இடத்தில் என்னும் குறிப்பு மட்டுமே அதில் இருக்கும். எழுத்தின் உருவம் இராது. ‘எக்ஸ்டிவிஐ’ போன்ற முன்னோட்ட மென்பொருள்கள் அக்குறிப்பைப் படித்து, கணினியிலுள்ள எழுத்துருவை எடுத்துப் பக்கத்தைத் திரையில் வரைந்து காட்டின. பிழையைக் காண ஒவ்வொரு முறையும் தாளில் அச்சிட வேண்டிய தேவை குறைந்தது. ஆயினும், எழுத்துரு இல்லாத கணினியில் அவையும் செயலற்றுப் போயின.

1993இல் அடோபி நிறுவனம் வெளியிட்ட ‘பிடிஎஃப்’ வடிவம், எழுத்துருவையும் கோப்பினுள்ளேயே பொதிந்து வைக்க வழி செய்தது. என் நெகிழ்வட்டில் இல்லாமற்போனது அதுவே!

இன்று வினாத்தாளை எழுத்துரு பொதிந்த பிடிஎஃப் கோப்பாக்கி, வேறொரு கணினியிலும் திறந்து பார்த்த பின்னரே அச்சுக்கு அனுப்புகிறேன். இதற்கு ஐந்து நிமிடம் போதும். பிள்ளைகளின் தேர்வு நேரத்தில் ஐந்து நிமிடம் சிறிதன்று, நண்பர்களே.