புள்ளி நாயின் கல்லடைப்பு

கிடாய்க்கும் காளைக்கும் கல்லடைப்பு வரும் என்பது நமக்குத் தெரியும். நாய்க்கும் வரும். அதிலும் டால்மேஷன் என்று வெள்ளை உடம்பில் கறுப்புப் புள்ளி போட்ட நாய் இருக்குதே, அதுக்கு இது பரம்பரை வியாதி.

மற்ற நாய்கள் யூரிக் அமிலத்தை ஈரலில் மாற்றி, தண்ணீரில் சுலபமாகக் கரைகிற பொருளாக வெளியே தள்ளிவிடும். டால்மேஷனுக்கு அமிலம் பெரும்பாலும் அப்படியே மூத்திரத்தில் வரும். அது மணலாகி, கல்லாகி, ஆண் நாயின் குறுகலான குழாயில் போய் அடைச்சுக்கும். காலைத் தூக்கிக்கிட்டு நிக்கும், முக்கும், சொட்டுச் சொட்டாத்தான் வரும். முழுசா அடைச்சுட்டா ஒண்ணு ரெண்டு நாளில் உயிருக்கே ஆபத்து.

வைத்தியம்னு பார்த்தா, பையைக் கீறிக் கல்லை எடுப்பது ஒன்று. மனுசனுக்கு யூரிக் அமில வாதத்துக்காக 1960களில் வந்த அலோப்யூரினால் மாத்திரை பிறகு நாய்க்கும் உதவியது. ஈரல் போன்ற கறியைக் குறைக்கணும், தண்ணி நிறைய குடிக்க வைக்கணும். ஆனா எல்லாமே அந்த ஒரு நாய்க்குத்தான். குட்டிக்கு மறுபடியும் அதே வியாதி.

அமெரிக்க மரபியல்காரர் ராபர்ட் ஷைபிள் 1973இல் ஒரு டால்மேஷனை பாயின்ட்டர் என்ற வேட்டை நாயோடு ஒரே ஒரு தடவை இணை சேர்த்தார். பிறந்ததில் நல்ல மரபணு உள்ள குட்டியைப் பொறுக்கி, அப்புறம் தலைமுறை தலைமுறையாக டால்மேஷனோடேயே சேர்த்தார். நோய் தாங்கும் குணத்தை வேறு ரகத்திலிருந்து எடுத்து நம்ம நெல்லில் ஏற்றுகிறார்களே, அதே வேலை. பத்துத் தலைமுறை போனா பாயின்ட்டர் ரத்தம் ஆயிரத்தில் ஒரு பங்குதான் மிஞ்சும்.

1981இல் அமெரிக்கன் கென்னல் கிளப் அந்த வழி நாய்கள் இரண்டைப் பதிவு செய்தது. டால்மேஷன் வளர்ப்போர் சங்கத்தில் எதிர்ப்பு கிளம்பி, பதிவு நின்றுபோனது. நாயிலும் சாதிச் சுத்தம் பார்க்கிற ஆளுங்க! 2008இல் கோளாறு எந்த மரபணுவில் என்று கலிபோர்னியாவின் டேவிஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கண்டுபிடித்தார்கள். கிளப் மறுபடி கதவைத் திறந்தது 2011இல்.

நடுவில் முப்பது வருசம். ஒரு நாயின் ஆயுசு பன்னிரண்டு என்று வைத்தாலும், இரண்டு ஆயுசுக்கு மேல் புள்ளி நாய்கள் முக்கிக்கிட்டே நின்றிருக்கின்றன.