சேறு காத்த கப்பல்

1545-ஆம் ஆண்டு ஜூலை 19-ஆம் தேதி, பிரெஞ்சுக் கடற்படையை எதிர்க்கப் புறப்பட்ட ‘மேரி ரோஸ்’ என்னும் போர்க்கப்பல், கரையில் நின்று இங்கிலாந்தின் எட்டாம் ஹென்றி மன்னர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, ஸோலண்ட் ஜலசந்தியில் வலப்பக்கமாய்ச் சாய்ந்து மூழ்கிப்போன விருத்தாந்தத்தைச் சென்ற இதழில் கூறினோம்.

காலக்கிரமத்தில் அது கிடந்த இடத்தையும் உலகம் மறந்தது. 1836-இல், செம்படவர்களின் வலை ஏதோ ஒன்றில் சிக்கிக்கொள்வதைக் கேள்வியுற்று இறங்கிய டீன் சகோதரர்கள் சில பீரங்கிகளை மீட்டார்கள். பிறகு மறுபடியும் மறதிதான். 1965-இல் அலெக்ஸாண்டர் மெக்கீ என்னும் சரித்திர ஆசிரியர், காற்றடைத்த சிலிண்டரை முதுகில் சுமந்து மூழ்கும் வித்தையில் பழகிய நண்பர்கள் சிலரோடு தேடத் தொடங்கினார். ஆறு ஆண்டுக் காலம் பிரம்மப் பிரயத்தனம் செய்த பின்னர், 1971 மே மாதத்தில், குளிர்காலப் புயல்கள் அடிமண்ணை வாரிச் சென்றிருந்த ஓரிடத்தில் கப்பலின் மரச்சட்டங்கள் தலைகாட்டின.

ஆழம் அதிகமில்லை, சுமார் 14 மீட்டர்தான். ஆனால் குளிரோ எலும்பைத் துளைப்பது. ஜலமோ எந்நேரமும் கலங்கல். சற்றே அசைந்தாலும் சேறு புகைபோல் கிளம்பிக் கண்ணை மறைத்துவிடுமாதலால், மூழ்கியவர்கள் கண்ணைக் காட்டிலும் கையையே நம்பினார்கள். உறிஞ்சு குழாயின் வாயை ஒரு கையால் பற்றிக்கொண்டு, மறு கையால் சேற்றை மெல்ல மெல்ல அதனுள் விசிறிவிடுவதே அங்கே அகழ்வாராய்ச்சி. படகில் நின்று உத்தரவிடுவதில் பயனில்லை என்று கண்ட தொல்பொருள் ஆராய்ச்சியாளர் மார்கரெட் ரூல் அம்மையார், நாற்பது வயதைக் கடந்த பின் மூழ்கக் கற்றுக்கொண்டு தாமே கீழே இறங்கினார்.

இவ்வளவு உபத்திரவம் செய்த அந்தச் சேறுதான் கப்பலின் ரட்சகனுமாயிற்று. வெளியே நின்ற இடப்பக்கத்தை நீரோட்டமும் மரம் துளைக்கும் புழுக்களும் தின்று தீர்த்திருக்க, பிராணவாயு புகாத சேற்றில் அமிழ்ந்த வலப்பக்கம் ஏறக்குறைய அப்படியே இருந்தது. க்ஷவரத்தையும் ரண சிகிச்சையையும் ஒருவரே செய்துவந்த அந்நாளில், கப்பல் வைத்தியர் வைத்திருந்த பெட்டி ஒன்று உள்ளே அகப்பட்டது. அதிலிருந்த மரச்சிமிழைத் திறந்தபோது, களிம்பு உலராமல் இருந்தது. அதன்மேல், யாருடைய புண்ணுக்கோ வழித்தெடுத்த விரல்களின் தடமும் அழியாமல் இருந்தது.

1982 அக்டோபர் 11-ஆம் தேதி கப்பலை மேலே தூக்கியபோது நேரவிருந்த விபரீதத்தை அடுத்த இதழில் காண்போம்.